ஒரே பிளேட், நாலு மை

பங்குனி பிறந்தால் எங்கள் திருத்தங்கலில் காலை ஐந்து மணிக்கே குழாய் ஸ்பீக்கர் பாட ஆரம்பித்துவிடும். பங்குனிப் பொங்கல் முடிந்தால் சித்திரைப் பொங்கல். அது முடிவதற்குள் பக்கத்து ஊரில் கொடியேறிவிடும். இந்த வருஷம் ஒருநாள் டீக்கடையில் உட்கார்ந்து, வரிசையாக ஓடிய அம்மன் பாட்டுகளை எண்ணிக்கொண்டே கேட்டேன். பதினொரு பாட்டு. அதில் ஒன்பது பாட்டில் ஒரே சத்தம். ராகம் வேறு, பாடகர் வேறு, வரிகள் வேறு. ஆனால் பின்னால் பியானோ, வயலின் கூட்டம், கோரஸ் குரல், அதற்கு மேல் ஒரு நாதஸ்வரம் என நாலும் சேர்ந்து, ஒரே மெட்டை முதல் ஸ்வரத்திலிருந்து கடைசி ஸ்வரம் வரை ஒன்றாக இழுத்துக்கொண்டு போகின்றன.

அந்த ஒன்பதில் ஒன்று நான் செய்த பாட்டு.

ஆகவே இது விமர்சனக் கட்டுரைதான் என்றாலும், முதல் குற்றவாளி நான்தான். மற்ற எட்டுப் பேரின் பெயர் இங்கே வராது. என் பாட்டையே பிரித்துப் போட்டு, எங்கே தப்பு நடந்தது என்று பார்க்கிறேன்.

பகலில் சிவகாசியில் ஒரு ஆப்செட் பிரஸ்ஸில் செபரேஷன், பிளேட் வேலை. ராத்திரியில் வீட்டு மாடியில் ஒரு கணினி, ஒரு சின்ன கீபோர்டு, இரண்டு ஸ்பீக்கர். கோவில் கமிட்டிக்காரர்கள் கேட்டால் பாட்டு செய்து கொடுப்பேன். போன வருஷப் பாட்டுக்கு நாதஸ்வரம் வாசிக்க எப்போதும் ஒரு அண்ணாச்சியைக் கூப்பிடுவேன், அந்த முறை கூப்பிடவில்லை. நேரம் இல்லை, கமிட்டி கொடுத்த பணமும் கம்மி. அதைவிட உண்மையான காரணம், கணினியில் ஒரு நாதஸ்வரம் இருந்தது. அதை மட்டும் தனியாகப் போட்டால் பொம்மை மாதிரி கேட்டது. அடியில் வயலின், கோரஸ், பியானோ என்று லேயர் போட்டவுடன் 'பிரம்மாண்டமாக' ஆகிவிட்டது.

அண்ணாச்சி அதைக் கேட்டது இதே டீக்கடை ஸ்பீக்கரில்தான். என்னைப் பார்த்ததும், "தம்பி, நாயனம் யாரு?" என்றார்.

"கம்ப்யூட்டர்தான் அண்ணாச்சி."

"அதான பாத்தேன். பல்லவி ஆரம்பிச்சதுல இருந்து ஒரு இடத்துல மூச்சு வாங்கல. நிக்காம ஊதுறது ஒத்துக்காரன் வேலையில்லப்பா?"

கோபமாகச் சொல்லவில்லை. டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். எனக்குத்தான் அன்றைக்கு வேலை ஓடவில்லை.

மிடி என்பது சத்தம் இல்லை

இந்தப் பக்கம் புதிதாக வருபவர்களுக்காக அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். கீபோர்டில் ஒரு கட்டையை அழுத்தும்போது கணினிக்குள் போவது ஒலி அல்ல, ஒரு தகவல். எந்தக் கட்டை (0 முதல் 127 வரை ஒரு எண்), எவ்வளவு வேகமாக அழுத்தினீர்கள் (இதற்கு வெலாசிட்டி என்று பெயர், 1 முதல் 127 வரை), எப்போது விட்டீர்கள். இத்துடன் சுருதியை வளைக்கும் சக்கரம், மாடுலேஷன் சக்கரம், கால் பெடல் ஆகியவற்றின் நகர்வுகளும் சேரும். அவ்வளவுதான் மிடி. நாடகத்துக்கு எழுதி வைத்த வசனம் மாதிரி, யார் வேண்டுமானாலும் பேசலாம்.

இந்த ஒப்பந்தம் 1983-ல் வந்தது. அமெரிக்காவின் சீக்வென்ஷியல் சர்க்யூட்ஸ் டேவ் ஸ்மித், ஜப்பானின் ரோலண்ட் நிறுவனர் இகுதாரோ ககேஹாஷி இருவரும் முன்னால் நின்றார்கள். யமஹா, கோர்க், கவாய் போன்ற ஜப்பானிய நிறுவனங்களும் சேர்ந்துகொண்டன. அந்த வருஷம் ஜனவரியில் ஒரு கண்காட்சியில் ப்ராஃபெட்-600, ஜூபிட்டர்-6 என்ற இரு வேறு கம்பெனி கீபோர்டுகளை ஒரு வயரால் இணைத்து, ஒன்றில் வாசித்ததை மற்றொன்றிலும் ஒலிக்க வைத்துக் காட்டினார்கள். யோசித்துப் பாருங்கள், மிடியின் முதல் பொதுக் காட்சியே லேயர்தான். ஒரு கை, இரண்டு வாத்தியம். குட்டி ஜப்பான் என்று பேர் வாங்கிய ஊர்ப்பக்கம் உட்கார்ந்துகொண்டு, நாற்பது வருஷம் கழித்து நானும் அதே வித்தையைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்.

இன்றைய மென்பொருள் எல்லாவற்றிலும் இதற்கு ஒரு வழி உண்டு. எஃப்எல் ஸ்டுடியோவில் 'லேயர்' என்றே ஒரு சேனல் இருக்கிறது. ஏபிள்டன் லைவில் இன்ஸ்ட்ரூமென்ட் ரேக். லாஜிக்கில் சம்மிங் ட்ராக் ஸ்டாக், அதன் தலை ட்ராக்கில் வாசித்தால் அடியில் உள்ள எல்லா வாத்தியங்களும் ஒலிக்கும். கியூபேஸில் மிடி செண்ட். ரீப்பரில் ஒரு மிடி ட்ராக்கிலிருந்து வேறு ட்ராக்குகளுக்கு மிடியை மட்டும் அனுப்பலாம். கான்டாக்டில் நாலு வாத்தியங்களை ஏற்றி நாலுக்கும் ஒரே மிடி சேனல் எண்ணைக் கொடுத்தால் வேலை முடிந்தது. இரண்டு நிமிஷம்கூட ஆகாது. பிரச்சினையும் அங்கேதான் தொடங்குகிறது.

காசு கொடுத்து லேயர் போட்ட காலம்

எண்பதுகளில் லேயர் இலவசம் கிடையாது. ஒவ்வொரு கருவிக்கும் ஒரே நேரத்தில் இத்தனை ஸ்வரம்தான் என்று கணக்கு உண்டு. 1987-ல் வந்த ரோலண்ட் டி-50 ஒரே நேரத்தில் 16 குரல் எழுப்பும். இரண்டு சத்தங்களை அடுக்கினால் அது 8 ஆகிவிடும். 1988-ல் வந்த கோர்க் எம்1-க்கும் இதே 16, இதே கணக்கு. இரண்டு கையாலும் கொஞ்சம் தாராளமாக வாசித்தால் பழைய ஸ்வரம் பாதியில் அறுந்துபோகும். அதனால் எதை அடுக்குவது, எதற்காக அடுக்குவது என்ற கேள்வியைத் தவிர்க்க முடியாது.

டி-50-ன் சத்தமே ஒரு லேயர் யோசனைதான். நம் காது ஒரு வாத்தியத்தை அடையாளம் காண்பதில் ஸ்வரத்தின் தொடக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. வில் உரசும் சத்தம், சீவாளியில் காற்று பிடிக்கும் சத்தம், கம்பியில் விரல் படும் சத்தம் இதெல்லாம் அங்கேதான் இருக்கிறது. டி-50 அந்தத் தொடக்கத்துக்கு மட்டும் நிஜ வாத்தியத்தின் துண்டுப் பதிவை வைத்தது, பின்னால் நீளும் பகுதியைச் செயற்கையாக உருவாக்கியது. இரண்டு லேயர், இரண்டுக்கும் தனித்தனி வேலை. ஒருவர் பேசும்போது மற்றவர் ஒதுங்குவார்.

தமிழ் சினிமாவுக்கு வருவோம். 1986-ல் வந்த 'புன்னகை மன்னன்' படத்துக்கு இளையராஜா கணினி சீக்வென்சிங் பயன்படுத்தினார், கருவி யமஹா சிஎக்ஸ்5எம் என்று பரவலாக எழுதப்பட்டிருக்கிறது. அந்தக் கணினியின் எஃப்எம் ஒலிப்பகுதி ஒரே நேரத்தில் எட்டுக் குரல்தான் எழுப்பும். நாலு ஸ்வரம் உள்ள ஒரு கார்டை இரண்டு சத்தத்தில் அடுக்கினால் கஜானா காலி. பேஸுக்கு இடம் இல்லை, மேலே மெட்டுக்கு இடம் இல்லை. எட்டுக் குரலை வைத்து இசை எழுத வேண்டுமென்றால் ஒவ்வொரு குரலுக்கும் தனி வழி எழுதித்தான் ஆக வேண்டும்.

அதே 1986-ல்தான் அவருடைய 'ஹவ் டு நேம் இட்' தொகுப்பும் வந்தது. தியாகராஜருக்கும் பாக்குக்கும் காணிக்கையாக்கியது. வி.எஸ். நரசிம்மனின் தனி வயலின், அதைச் சுற்றி நிஜமான தந்திக் கூட்டம். அதில் வயலின்கள் ஒரு வழி போகும்போது செல்லோ வேறு வழி போகும், நடுவில் ஒன்று இரண்டுக்கும் பதில் சொல்லும். இயந்திரத்தை ஓட்டிய அதே ஆள், அதே வருஷம், மனிதர்களையும் இப்படி எழுதி வைத்திருக்கிறார். ஆகவே 'கணினி வந்ததால் இசை கெட்டது' என்ற புலம்பலில் எனக்கு நம்பிக்கை இல்லை. எழுதுகிறவர் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் வேலை வைத்திருக்கிறாரா என்பதுதான் என் கேள்வி.

செபரேஷன் மேஜையிலிருந்து

என் பகல் வேலை எனக்கு உதவிய இடம் இது. காலண்டரில் ஒரு முருகன் படத்தை அச்சடிக்க நாலு பிளேட் வேண்டும். சியான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு. நாலு பிளேட்டிலும் இருப்பது ஒரே படமா? தூரத்திலிருந்து பார்த்தால் அப்படித்தான் தோன்றும். கிட்டே வைத்துப் பாருங்கள். மஞ்சள் பிளேட்டில் வேலும் நகையும் அடர்த்தியாக இருக்கும், வானம் கிட்டத்தட்ட வெறுமை. சியானில் வானமும் மயிலும் நிறைந்திருக்கும், முகத்தில் லேசான பொட்டுகள் மட்டும். ஒவ்வொன்றும் மற்ற மூன்று செய்யாததைச் செய்கிறது. அதனால்தான் நாலும் ஒன்றன்மேல் ஒன்று விழும்போது முருகன் தெரிகிறான்.

இப்போது ஒரே பிளேட்டை எடுத்து நாலு மையிலும் அடித்துப் பாருங்கள். நாலு மடங்கு வண்ணம் வராது. கறுத்துப்போன ஒற்றை நிறப் படம் ஒன்று வரும். தாள் மையைக் குடித்து ஊறிப்போகும். என் பாட்டில் நடந்தது இதுதான். நாலு வாத்தியத்துக்கும் நான் கொடுத்தது ஒரே பிளேட்.

பிரஸ்ஸில் இதற்குக் கட்டுப்பாடுகள் உண்டு. ஒரு இடத்தில் நாலு மையும் சேர்ந்து 400 சதவீதம் விழ விடமாட்டோம், ஆர்ட் தாளிலேயே 300 சுற்றித்தான் நிறுத்துவோம். மூன்று நிறமும் சேர்ந்து வெறும் சாம்பலாகும் இடங்களில் மூன்றையும் குறைத்து அந்த வேலையைக் கறுப்பு ஒன்றுக்கே கொடுத்துவிடுவோம். பொட்டுகளின் கோணத்தையும் மாற்றுவோம், கறுப்பு 45 டிகிரி, மெஜந்தா 75, சியான் 15. எல்லாம் கிட்டத்தட்ட ஒரே கோணத்தில் விழுந்தால் படத்தின்மேல் அலை அலையாக ஒரு பேய்க்கோலம் தெரியும். இத்தனை ஜாக்கிரதையாகப் பகலில் வேலை பார்த்துவிட்டு, ராத்திரி மாடிக்குப் போய் நாலு வாத்தியத்தை அப்படியே கொட்டிக் கவிழ்த்திருக்கிறேன்.

என் பாட்டைப் பிரித்தபோது கண்டவை

முதலாவது, வெலாசிட்டி. பியானோ அழுத்தும் வேகத்துக்குத் தகுந்தபடி மெல்லவும் உரக்கவும் ஒலிக்கும். ஆனால் நான் வைத்திருந்த வயலின் கூட்டம் நீண்ட ஸ்வரங்களில் வெலாசிட்டியைக் கண்டுகொள்வதே இல்லை. அதன் ஏற்ற இறக்கம் மாடுலேஷன் சக்கரத்தில் இருக்கிறது. ஆகவே சரணத்தில் நான் மென்மையாக வாசித்த இடங்களில் பியானோ மட்டும் பின்வாங்கியது, வயலின்கள் அதே கனத்தில் நின்றன. சரி என்று சக்கரத்தை ஏற்றி இறக்கினேன். அதே சக்கரம் கோரஸ் சத்தத்தில் நடுக்கத்தைக் கூட்டும் வேலைக்கு வைக்கப்பட்டிருந்தது. வயலின் உச்சத்துக்குப் போகும்போதெல்லாம் கோரஸ் குளிர் ஜுரம் வந்ததுபோல நடுங்கியது. ஒரே தகவல், இரண்டு அர்த்தம்.

இரண்டாவது, நேரம். பாட்டின் வேகம் நிமிஷத்துக்கு 120 அடி. அப்படியென்றால் ஒரு அடி 500 மில்லிசெகண்டு, அதில் கால்வாசி 125. பியானோ அழுத்திய கணத்திலேயே கேட்கும். மெதுவாக எழும் வயலின் கூட்டமோ முழு உருவம் எடுக்க 150 மில்லிசெகண்டுக்கு மேல் எடுத்துக்கொண்டது. அதாவது வேகமான சங்கதிகளில் முதல் ஸ்வரத்துக்கு வயலின் வந்து சேரும்போது பியானோ இரண்டாவது ஸ்வரத்துக்குப் போய்விட்டது. பிரஸ்ஸில் இதை ரிஜிஸ்டர் விலகல் என்போம். மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு நகர்ந்தாலே சின்ன எழுத்தின் ஓரத்தில் சிவப்பு எட்டிப் பார்க்கும். இங்கே எல்லா ஸ்வரத்தின் ஓரத்திலும் எட்டிப் பார்த்தது. நான் அதைத்தான் 'பிரம்மாண்டம்' என்று நினைத்திருந்தேன்.

மூன்றாவதுதான் நமக்கு முக்கியம். கமகம். சுருதி வளைக்கும் சக்கரம் அனுப்புவது ஒரு எண் மட்டும், 0 முதல் 16,383 வரை, நடு 8,192. அந்த எண்ணுக்கு எவ்வளவு தூரம் வளைய வேண்டும் என்பது ஒவ்வொரு வாத்தியத்தின் சொந்த முடிவு. பொதுவாக மேலே இரண்டு அரைச்சுரம், கீழே இரண்டு. ஆனால் சிலதில் பன்னிரண்டு வைத்திருப்பார்கள். நான் சட்ஜத்தில் நின்று சக்கரத்தை மேல்பக்கம் பாதி தூரம் தள்ளினால், நாதஸ்வரம் ஒரு அரைச்சுரம் ஏறி சுத்த ரிஷபத்தைத் தொடுகிறது. பன்னிரண்டு வைத்த கோரஸ் அதே எண்ணுக்கு ஆறு அரைச்சுரம் தாவி பிரதி மத்யமத்தில் போய் நிற்கிறது. இது உடனே காதில் உறைத்ததால் திருத்திவிட்டேன். திருத்தாமல் விட்டது பியானோவை. அது வளையவே வளையாது. நாயனம் காந்தாரத்தை அசைத்துக்கொண்டிருக்கும்போது அடியில் பியானோ அதே காந்தாரத்தை ஆணி அடித்ததுபோல நேராகப் பிடித்துக்கொண்டிருந்தது. அசைவு கேட்கவில்லை, பிசிறு மட்டும் கேட்டது. அம்மன் பாட்டுகள் பலவற்றில் ராகம் இருந்தும் ராகம் கேட்காமல் போவதற்கு இது ஒரு காரணம் என்று நினைக்கிறேன். பாடகர்மேல் தப்பில்லை. அவர் காலடியில் வளையாத வாத்தியம் ஒன்று அவர் மெட்டையே வாசித்துக்கொண்டிருக்கிறது.

நாலாவது, சத்த அளவு. அச்சுப் பிசகாத ஒரே ஒலியை இரண்டு தடவை அடுக்கினால் 6 டெசிபெல் கூடும். வேறு வேறு ஒலிகள் என்றால் சுமார் 3. சத்தம் கூடினால் காது அதை 'நல்லா இருக்கு' என்று எடுத்துக்கொள்ளும். லேயர் போட்டவுடன் எனக்கு வந்த பரவசத்தில் பாதி வெறும் வால்யூம். எல்லாவற்றையும் ஒரே அளவுக்குக் குறைத்து வைத்துக் கேட்டபோது நாலு லேயரைவிட இரண்டு லேயர் தெளிவாக இருந்தது.

கடைசியாக, இந்தப் பாட்டு எங்கே ஒலிக்கப் போகிறது என்பதை நான் யோசிக்கவே இல்லை. குழாய் ஸ்பீக்கரில் அடிச்சுருதி வராது. வயலின் கூட்டத்தின் செல்லோ, பியானோவின் இடது கை இரண்டும் அங்கே காணாமல் போகும். மிஞ்சுவது நடு அலைவரிசை. பாடகர் குரல் இருப்பதும் அங்கேதான். நாலு லேயரும் அந்த ஒரே சந்துக்குள் நுழைந்து குரலை நெரிக்கின்றன. மாடியில் பிரம்மாண்டம், தெருவில் கூச்சல்.

நம்ம ஊரிலும் ஒரே மெட்டுதானே?

இங்கே ஒரு நியாயமான எதிர்க்கேள்வி வரும். நம் இசையே ஒரே மெட்டைப் பலர் வாசிப்பதுதானே? மேளக் கச்சேரியில் இரண்டு நாயனம் சேர்ந்து ஊதுகிறது. கச்சேரியில் வயலின் பாடகரைப் பின்பற்றுகிறது. நாடக மேடையில் ஆர்மோனியம் பாட்டோடு கூடவே போகிறது. இதெல்லாம் லேயர் இல்லையா?

லேயர்தான். ஆனால் பிளேட் வேறு. இரண்டு நாயனக்காரர்கள் ஒரே கீர்த்தனையை ஊதும்போது ஒருவர் மூச்சு வாங்கும் இடத்தில் மற்றவர் பிடித்துக்கொள்கிறார். ஒருவர் பிருகா போடும்போது மற்றவர் நீண்ட ஸ்வரத்தில் நிற்கிறார். கரகாட்டத்துக்கு வாசிக்கும் நையாண்டி மேளத்தில் இதை இன்னும் பச்சையாகக் கேட்கலாம். ஒருவர் கிண்டலாக ஒரு வளைவு போட, மற்றவர் அதைக் கொஞ்சம் கோணலாகத் திருப்பிக் கொடுப்பார். வயலின்காரர் பாடகருக்கு ஒரு நூலிழை பின்னால் வருகிறார், அந்த நூலிழைக்குத்தான் அவர் காது கூர்மையாக இருக்க வேண்டும். மெட்டு ஒன்று, ஆனால் அதை முடிவு செய்யும் தலைகள் இரண்டு.

எங்கள் தென்பக்கத்து உதாரணம் ஒன்று. 1962-ல் வந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தில் எஸ்.எம். சுப்பையா நாயுடு இசையில் எஸ். ஜானகியும் காருகுறிச்சி அருணாசலமும் சேர்ந்த ஆபேரிப் பாட்டு. இன்னும் கல்யாண வீடுகளில் ஓடுகிறது. குரலும் நாதஸ்வரமும் ஒரே ராகத்தில், ஒரே வழியில் போகின்றன. ஆனால் ஒன்று மற்றதைத் துரத்துகிறது, பிடிக்கிறது, விட்டுக்கொடுக்கிறது. அதை நான் ஒரே மிடியில் செய்திருந்தால் இரண்டையும் முதலிலிருந்து கடைசிவரை ஒட்டிவைத்திருப்பேன். துரத்தல் போயிருக்கும், பாட்டும் போயிருக்கும்.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் என் வாதம் நேர்மையாக இருக்காது. அச்சு அசலான நகல் லேயரும் சில சமயம் அற்புதமாக வேலை செய்யும். ராவேல் 1928-ல் எழுதிய 'பொலேரோ'வில் ஒரு இடம் உண்டு. ஹார்ன் மெட்டை வாசிக்க, செலஸ்டாவும் இரண்டு பிக்கோலோவும் அதே மெட்டை அப்படியே மேல்சுருதிகளில் நகல் எடுக்கின்றன. ஒரு பிக்கோலோ வேறு ஸ்வரத்தையே ஆதாரமாக வைத்துக்கொண்டு, மற்றது இன்னொன்றை. தனித்தனியாகக் கேட்டால் அபஸ்வரம் என்று தோன்றும். ஆனால் அவை நிற்கும் இடங்கள் ஹார்னின் இயற்கையான மேல்சுரங்கள் இருக்கும் இடங்கள். ஆகவே காது நாலு வாத்தியம் கேட்பதில்லை, உலகத்தில் இல்லாத ஐந்தாவது வாத்தியம் ஒன்றைக் கேட்கிறது. இதை ஒரே மிடியிலிருந்து இன்று யாரும் செய்துவிடலாம். ஆனால் ராவேல் எந்த வாத்தியத்தை எந்த உயரத்தில், எவ்வளவு மெல்லமாக வைப்பது என்று கணக்குப் போட்டுத்தான் வைத்தார். கணக்கு இருந்தால் நகலும் செல்லும். நான் போட்டது கணக்கு இல்லாத நகல்.

திரும்பச் செய்தேன்

இந்த வருஷம் கமிட்டியிடம் கேட்டுக்கொண்டு அதே பாட்டை மறுபடி செய்தேன். செய்தவற்றைச் சுருக்கமாக எழுதுகிறேன், யாருக்காவது உதவும்.

ஒரே மிடியை நாலு ட்ராக்குக்கு அனுப்புவதை நிறுத்தினேன். நாலு நகல் எடுத்து, ஒவ்வொன்றிலும் அழித்தேன். பியானோவில் மெட்டு முழுவதையும் அழித்துவிட்டு அடியின் முதல் தட்டை மட்டும் வைத்தேன். டி-50 சொல்லிக்கொடுத்த பாடம், தொடக்கத்தை ஒருவர் கொடுத்தால் போதும். வயலின் கூட்டத்தில் சங்கதிகளை எல்லாம் எடுத்துவிட்டு, சங்கதி முடிந்து நிற்கும் ஸ்வரத்தை மட்டும் விட்டேன். அதன் ட்ராக்கை 100 மில்லிசெகண்டு முன்னால் தள்ளினேன். கோரஸுக்கு மாடுலேஷன் சக்கரத்தின் தகவல் போகாதபடி வடிகட்டினேன். பிறகு ஒவ்வொரு லேயராக மியூட் செய்து கேட்டேன். ஒன்றை எடுத்தபின் இரண்டு நிமிஷம் கழித்தும் அது இல்லாத குறை தெரியவில்லை என்றால் அதை நிரந்தரமாக அழித்தேன். கோரஸ் அப்படித்தான் போனது.

சரவெடி பின்னுகிறவர்களுக்கு இது தெரிந்த விஷயம். திரி ஒன்றுதான், ஆனால் ஒன்றன்பின் ஒன்றாக வெடிக்கும்படி கோர்த்தால்தான் சரம். எல்லாம் ஒரே கணத்தில் வெடித்தால் ஒரு டமாரோடு கதை முடிந்தது.

நாதஸ்வரத்தை அழித்தது கடைசியில். அண்ணாச்சியைக் கூப்பிட்டேன். வந்தார். முதலில் வந்தது சுருதிப் பிரச்சினை. அவர் நாயனம் இரண்டரைக் கட்டைக்குச் சற்று மேலே நிற்கிறது. சீவாளியை மாற்றிப் பார்த்தார், இன்னும் கொஞ்சம் வந்தது, முழுசாக வரவில்லை. "கம்ப்யூட்டர கொஞ்சம் மேல ஏத்த முடியாதா தம்பி?" என்றார். மூன்று வருஷமாக எல்லோரையும் கணினிக்கு இறங்கி வரச் சொல்லிக்கொண்டிருந்த எனக்கு இந்தக் கேள்வி தோன்றியதே இல்லை. ஏற்றலாம். ஆனால் மிடியில் போகும் ஸ்வர எண்ணில் அந்தச் சின்ன வித்தியாசத்துக்கு இடம் இல்லை, ஒவ்வொரு வாத்தியத்தையும் தனித்தனியாகத் திறந்து ட்யூனிங்கை மாற்ற வேண்டும். நாலு லேயர் என்றால் நாலு தடவை. இரண்டுதான் இருந்ததால் பத்து நிமிஷத்தில் முடிந்தது.

அவர் வாசித்தபோது நான் எழுதிவைத்த மெட்டில் இரண்டு இடங்களில் நிறுத்தினார். மூச்சுக்காக. அந்த இரண்டு இடத்திலும் பாடகரின் வரி தெளிவாக மேலே வந்தது. வரியை எழுதியவர், "இந்த வார்த்தை போன வருஷமும் இருந்துச்சா?" என்று கேட்டார். இருந்தது.

அண்ணாச்சிக்கு ஒரு நாள் சம்பளம் கொடுத்தேன். கமிட்டிப் பணத்தில் எனக்கு மிஞ்சியது போன வருஷத்தைவிடக் கம்மி. இதையும் சொல்லியாக வேண்டும். லேயர் போடுவது ரசனைக் குறைவு மட்டுமாக இருந்தால் இவ்வளவு நீளமாக எழுதியிருக்கமாட்டேன். இந்த வட்டாரத்தில் ஒரு பாட்டுக்கு நாயனம், தவில், பம்பை என்று மூன்று பேர் வந்து வாசித்துவிட்டுப் போன இடத்தில் இப்போது ஒரு விரல் இருக்கிறது. அந்த விரலுக்குப் பணம் குறைவு என்பதால்தான் அது ஜெயிக்கிறது. நன்றாக இருப்பதால் ஜெயிக்கவில்லை. ஆனால் பத்து வருஷம் இதையே கேட்டு வளரும் பையனுக்கு நாயனம் என்றால் மூச்சு வாங்காத ஒரு சத்தம் என்றுதான் பதியும். அவன் நாளைக்கு நிஜ நாயனம் கேட்டால், "ஏன் நடுவுல நிக்குது?" என்று கேட்பான்.

எல்லாப் பாட்டுக்கும் ஆள் வைக்கப் பணம் இருக்காது என்பது எனக்கும் தெரியும். அடுத்த பாட்டையே நான் தனியாகத்தான் செய்யப்போகிறேன். அப்போதும் லேயர் போடுவேன். ஆனால் நகல் எடுத்து, நகலில் அழித்து, ஒவ்வொன்றுக்கும் தனி பிளேட் போட்டுத்தான்.

புதுப் பாட்டு பங்குனிப் பொங்கல் அன்று மைக்செட்டில் இரண்டு தடவை ஓடியது. அண்ணாச்சி அதே டீக்கடையில் கேட்டார். முழுசாகக் கேட்டுவிட்டு ஒன்றுதான் சொன்னார். "சரணத்துல அந்த வயலின் இன்னும் ஒரு இடத்துல என்னய மறைக்குது, பாத்துக்கோ."

வீட்டுக்கு வந்து பார்த்தேன். இரண்டாவது சரணம், மூன்றாவது வரி. சங்கதியில் ஒரு ஸ்வரத்தை அழிக்க மறந்திருந்தேன்.